மலை வீட்டுக்கு எத்தனை வாட் ஹீட்டர் வேண்டும்?

மார்கழி பிறந்தால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ரூம் ஹீட்டர் தேடாத வீடு குறைவு. கடையில் முதலில் கேட்பது, "ரூம் எத்தனை சதுர அடி?" என்றுதான். 120 சதுர அடிக்கு ஒரு டன், 180 என்றால் ஒன்றரை டன் என்று பதிலும் கையோடு வந்துவிடும். அது கோயம்புத்தூரிலும் மதுரையிலும் அறையைக் குளிரவைக்க ஏசிக்குப் போடும் கணக்கு; டன் என்பது ஏசியின் திறனைச் சொல்லும் அளவு. மலையில் வேலையே வேறு. இங்கே பார்க்க வேண்டியது, அறைக்குள் இருக்கும் சூடு எந்த வழியாக, எவ்வளவு வேகமாக வெளியே போகிறது என்பதை.

ஒரு டேப்பும் ஒரு தாளும் இருந்தால் இதை நீங்களே கணக்கிடலாம். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி வித்தியாசம். இந்த நிலையில் ஒவ்வொரு சதுர அடி வழியாகவும் போகும் சூடு ஏறக்குறைய இவ்வளவு: 9 அங்குலச் செங்கல் வெளிச்சுவர் 3 வாட், ஒற்றைக் கண்ணாடி 8 வாட், மேலே காங்கிரீட் தளம் 4.5 வாட், சீலிங் இல்லாத தகரக் கூரை 10 வாட். காற்றுக்குத் தனிக் கணக்கு. மணிக்கு ஒரு முறை அறைக்காற்று முழுக்க மாறினால், கன அடிக்கு 0.14 வாட்.

12க்கு 12 அறை, 9 அடி உயரம், இரண்டு வெளிச்சுவர், 4க்கு 4 ஜன்னல் ஒன்று, மேலே காங்கிரீட். சுவர் 200 சதுர அடி, 600 வாட். கண்ணாடி 128. தளம் 648. காற்று 180. தரைக்கு ஒரு 100. மொத்தம் 1,650 வாட்டை ஒட்டி வரும். அதே அறைக்கு மேலே வெறும் தகரம் என்றால் 2,450க்குப் போய்விடும். பள்ளத்தாக்கு தெரியட்டும் என்று ஒரு பக்கச் சுவரில் 96 சதுர அடிக்குக் கண்ணாடி வைத்தால் இன்னும் 400 வாட் கூடும். மூன்று அறைக்கும் சதுர அடி ஒன்றுதான், ஹீட்டர் ஒன்றல்ல. ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, காந்தல் போல உறைபனி இறங்கும் தாழ்வான இடமென்றால் வித்தியாசம் 20 டிகிரி ஆகும். மொத்தத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் கை வைக்கத் தக்க இடம் கூரை. இரண்டு அங்குல ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கல் பஞ்சு) விரித்து ஃபால்ஸ் சீலிங் போட்டால், கூரை வழியே போவது சதுர அடிக்கு ஒரு வாட் அளவுக்கு இறங்கிவிடும். 1,650 வாட் கேட்ட அறைக்கு 1,150 போதும். ஹீட்டர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரண்ட் கேட்கும். சீலிங் ஒரு தடவைச் செலவு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சீலிங்குக்கே எங்கள் ஓட்டு.

அடுத்தது கதவு. மூன்றடிக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் மொத்தம் 18 சதுர அங்குலம். சுவரில் நாலுக்கு நாலரை அங்குலத்தில் ஓட்டை போட்டு, அதைத் திறந்தே வைத்திருப்பதற்குச் சமம். கதவடியில் ஒரு ரப்பர் பட்டையும், ஜன்னலுக்குத் தரைவரை தொங்கும் கனத்த திரையும் போட்ட பிறகு மிஷின் வாங்கப் போங்கள். கணக்கில் வந்த வாட்டோடு 20 முதல் 25 சதவீதம் சேர்த்து வாங்கினால், சில்லிட்ட சுவர் சூடேறவும் தாங்கும்.

"ஆயில் ஹீட்டர் கரண்ட் குறைவாக இழுக்கும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். காயில், குவார்ட்ஸ், ஆயில் எதுவானாலும் 2,000 வாட் வாங்கினால் 2,000 வாட் சூடுதான் தரும். ஆயிலில் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், காயில் செந்தணலாகத் தெரியாது. படுக்கையறைக்கு அதனால்தான் நல்லது. 1,600 வாட் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 8 யூனிட். இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடி, மேல் ஸ்லாபுக்கு ஏற்றிவிடும்.

2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட்டில் அடாப்டர் வைத்துச் செருகினால் முதலில் பிளக் செருகும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் விழும், பிளாஸ்டிக் கருகும் வாடை வரும். அந்த வளையம் தெரிந்த அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டும், மெயின் போர்டிலிருந்து தனியாக இழுத்த 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். தூரம் அதிகமென்றால் 4. இன்னொன்று, மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கினால் அதே 2,000 வாட் ஹீட்டர் 1,365 வாட்தான் தரும். ஹீட்டர் சின்னது என்று மாற்றுவதற்கு முன் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தருவதால், அதே சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கரண்டே போதும். ஆனால் அட்டையில் அச்சடித்த சூடாக்கும் திறன், வெளியே 7 டிகிரி இருக்கும்போது அளந்தது. 2 டிகிரிக்குப் போனால் அது குறையும். ஊட்டியின் ஈரக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் வெள்ளையாகப் பனி படியும். அதை உருக்க மிஷின் சில நிமிடம் சூடு தருவதை நிறுத்தும். அது பழுதல்ல, சர்வீஸுக்கு ஆள் கூப்பிட வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தி குறைவு. இத்தனை குறைந்தாலும் 1,650 வாட் அறைக்கு ஒரு டன் தாராளம். ஒன்றரை டன் போட்டால் அடிக்கடி நின்று நின்று ஓடி கம்ப்ரஸர்தான் தேயும். உருகிய நீர் வழிந்தோட அவுட்டோர் யூனிட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கீழே வாங்கிய பழைய ஏசியை மேலே கொண்டுவருபவர்கள், அதில் சூடாக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. மே மாதக் குளிர்ச்சிக்கு இங்கே எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் போதும்.

கரி அடுப்பை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், நிறமில்லை, வாசனையில்லை. இந்த மலைகளில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தணல் சாம்பல் பூத்த பிறகும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். கேஸ் ஹீட்டரும் காற்றோட்டம் இல்லாத அறைக்கு ஆகாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வந்து பீரோவுக்குப் பின்சுவரில் பூஞ்சையாக உட்காரும். அறைக்குள் எது எரிந்தாலும் மேலே சொன்ன கதவு இடைவெளியை அடைக்கக் கூடாது. தலைவலியும் குமட்டலும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு 108ஐக் கூப்பிடுங்கள்.