எதேச்சையாகப் பார்த்தது பிழையா?

மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: மகள் கட்டுரை நோட்டில் ‘மாட்டுத்தாவணியில் மாமாவை எதேச்சையாகப் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து ‘தற்செயலாக’ என்று திருத்திவிட்டார். அகராதி இதற்குத் தீர்ப்புச் சொல்லாதா?

ஆசிரியர் பக்கம் சான்று உண்டு. வடமொழியில் யதா + இச்சை, அதாவது விருப்பப்படி. ‘எதேச்சாதிகாரம்’ என்பதில் அந்தப் பொருள் இன்னும் உறைந்து கிடக்கிறது. தற்செயலாக யாரும் சர்வாதிகாரி ஆவதில்லை! ஆனால் மனம்போன போக்கில் திரிபவனுக்குத் திட்டம் கிடையாது, திட்டமில்லாமல் நடப்பது தற்செயல். பொருள் இந்த வழியாக நழுவியிருக்க வேண்டும்.

மூலப்பொருளே மெய்ப்பொருள் என்பவர் பூக்காரம்மாவிடம் ‘மல்லி நல்லா நாறுதே’ என்று சொல்லிப் பார்க்கட்டும். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறள் (1274) அவரைக் காப்பாற்றாது.

இன்றைய அகராதிக்காரர் வாக்கியங்களைத் திரட்டி, தேடும் சொல் நடுவில் நிற்கும்படி வரிவரியாக அடுக்குவார். இருபுறமும் ஐந்தாறு சொற்கள். பிறகு வலப்பக்கச் சொல்லை அகரவரிசைப்படுத்துவார். அழகே இங்கேதான். கலைந்து கிடந்த வரிகள் கூட்டம் கூட்டமாகப் பிரியும்: ‘சந்தித்தேன்’, ‘பார்த்தேன்’, ‘கண்ணில் பட்டது’ ஒரு பக்கம், ‘முடிவெடுத்தார்’, ‘நடந்துகொண்டார்’ மறுபக்கம். அகராதியில் 1, 2 என்று பொருளுக்கு எண் விழுவது இதைப் பார்த்துத்தான். ‘எதேச்சையாக வந்தார்’ மாதிரி இரண்டுங்கெட்டான் வரிகளை ஒதுக்கிவிடக் கூடாது. பொருள் எங்கே நழுவியது என்று காட்டுபவை அவைதான்.

தமிழில் இது சறுக்கும். எதேச்சையாக, எதேச்சையாகச், எதேச்சையாய், யதேச்சையாக எல்லாம் கணினிக்குத் தனித்தனிச் சொற்கள். கடைசி ஒற்றெழுத்தையும் விகுதியையும் உரித்து ஒன்றாக்காவிட்டால் எண்ணிக்கை பொய்க்கும். ஒரே செய்தி பத்துத் தளங்களில் வந்தாலும் ஒன்றாகவே எண்ண வேண்டும். செய்தித்தாளை மட்டும் திரட்டினால் ‘எதேச்சையா’ என்ற பேச்சு வடிவம் சிக்கவே சிக்காது. பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்க ஆளும் காசும் வேண்டும். மாநாட்டுப் பந்தலுக்குக் கிடைக்கும் காசு இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, தீர்ப்பு? நான் எழுதினால் இப்படி: 1. தற்செயல். 2. (அருகிய வழக்கு) விருப்பப்படி. கீழே ஒரு குறிப்பு: ‘முதல் பொருளைப் பிழை என்போர் உண்டு.’ அந்தக் குறிப்பு கட்டாயம் வேண்டும். தேர்வில் மகள் ‘தற்செயலாக’ என்றே எழுதட்டும். விடைத்தாள் திருத்தப்போவது அகராதி இல்லை.