கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. வழக்கு வந்தால் அது உதவுமா?

சிறு தொழில் செய்கிற எல்லோரும் வழக்குக்கு எதிராக இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. வண்டி ஓட்டினால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அமோனியா, குளோரின் போன்றவற்றை அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் கையாண்டால், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி பாலிசி கட்டாயம். மற்றவர்களுக்கு பாலிசி அவரவர் விருப்பம். ஆனால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு விருப்பம் அல்ல. தனி உரிமையாளராகத் தொழில் செய்தால் கடைக் கணக்கு வேறு, சொந்தச் சொத்து வேறு என்று சட்டம் பிரிக்காது. தீர்ப்புத் தொகைக்கு வீடும் நிலமும் பொறுப்பாகும்.

“பேங்க் லோனோடு இன்சூரன்ஸ் போட்டாச்சே” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பெரும்பாலும் தீ விபத்து பாலிசி. உங்கள் சரக்கும் இயந்திரமும் எரிந்தால் பணம் வரும், அதுவும் முதலில் பேங்குக்கு. வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தாலோ, வேலையாளின் கை இயந்திரத்தில் சிக்கினாலோ அதில் ஒரு பைசா வராது. கடைக்காரர்களுக்கான தொகுப்பு பாலிசியிலும் ‘பொதுப் பொறுப்பு’, அதாவது கடையில் அடிபடும் வெளியாளுக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய நஷ்டஈட்டுக்கான பாதுகாப்பு, தனிப் பிரிவு. பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் அதை விட்டிருக்கலாம். பாலிசித் தாளில் அந்தப் பிரிவுக்கு நேராகத் தொகை எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சிறு முதலாளியைத் தரைமட்டமாக்குவது பெரும்பாலும் வாடிக்கையாளர் வழக்கு அல்ல, தொழிலாளி விபத்துதான். தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923 சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. பொறுப்பு அப்படியே இருக்கிறது. வேலையில் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 30 வயது, சம்பளம் 15,000 என்றால் 7,500 × 207.98, அதாவது 15,59,850 ரூபாய். முதலாளியின் தவறு என்று நிரூபிக்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டுகிறவர் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்கக்கூடாது. ஈ.எஸ்.ஐ.க்குள் இருக்கும் ஆளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. மாதம் 21,000-க்கு மேல் வாங்கும் மேஸ்திரி போன்றவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். இவர்களுக்குத் தனியாகத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி வேண்டும். கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்றாலும், செய்தது உங்கள் தொழிலைச் சேர்ந்த வேலை என்றால் முதலில் உங்களிடம்தான் கேட்பார்கள். கான்ட்ராக்டரிடம் திரும்ப வாங்குவது உங்கள் பாடு.

இந்த பாலிசி கைவிடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். பிரீமியத்தை மிச்சப்படுத்தப் பத்துப் பேரை ஆறு பேராகவும், 15,000-ஐ 8,000 ஆகவும் எழுதுகிறார்கள். லோடுமேனை ‘ஹெல்பர்’ என்று போடுகிறார்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை முடிவு செய்யும் தொழிலாளர் துறை ஆணையர் உண்மையான சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார். இன்சூரன்ஸ் கம்பெனி நீங்கள் எழுதிக் கொடுத்ததைக் காட்டும். இடைவெளி உங்கள் தலையில். வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் இல்லையென்றால் ‘இவர் உங்கள் ஆளே இல்லை’ என்ற வாதமும் வரும்.

அடுத்தது மிக மோசமான பொறி. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் குடும்பத்தின் கையில் ரொக்கம் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவது. சாவு நேர்ந்த வழக்கில் சட்டத்தின் கண்ணில் அது இழப்பீடே ஆகாது. தொகையை ஆணையரிடம், அதாவது தொழிலாளர் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அலுவலகத்தில், கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்கும் முன்பணத்தை மட்டுமே கழித்துக்கொள்ளலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது. குடும்பம் பிறகு மனுப்போட்டால் முழுத் தொகையையும் மறுபடி கட்ட நேரிடும்.

ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். கம்பெனியோ “ஆர்டர் வரட்டும்” என்று உட்கார்ந்திருக்கும். அபராதத்தை பாலிசி ஏற்காது. வட்டியையும் சில பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. அதனால் விபத்து நடந்த அன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள். கிளையில் நேரில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஏஜென்டிடம் போனில் சொன்னது தகவல் கொடுத்ததாக ஆகாது.

வாடிக்கையாளர் பக்கம் வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்குத் தயாரித்தவரோடு சில சூழ்நிலைகளில் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது. உணவுத் தொழிலில் இன்னொன்றும் உண்டு: பாதுகாப்பற்ற உணவால் மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம் இழப்பீடு. உணவுப் பாதுகாப்பு உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பது இதற்குக் கவசம் இல்லை.

நுகர்வோர் ஆணையத்தின் நோட்டீஸ் வந்தால் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்குமேல் ஒரு நாளும் கிடைக்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. கம்பெனி வக்கீல் வைக்கட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டை விடாதீர்கள். அதேசமயம் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் “தப்பு எங்களுடையதுதான், கொடுத்துவிடுகிறோம்” என்று எழுதிக் கொடுத்தால் பாலிசியை மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அதில் தயங்க வேண்டாம். பொறுப்பேற்கும் கடிதம் மட்டும் வேண்டாம்.

புதிதாகப் பொறுப்புக் காப்பீடு வாங்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். வக்கீல் செலவு அந்த வரம்புக்குள்ளேயே கழியுமா என்று கேளுங்கள். இந்த பாலிசிகள் பல, கோரிக்கை எழும் தேதியை வைத்து இயங்குபவை. புதுப்பிக்காமல் இடைவெளி விட்டால், போன வருஷம் விற்ற பொருளுக்கு இந்த வருஷம் வரும் வழக்கு வெளியே போய்விடும்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை. தனி உரிமையாளர் பெயரிலும் குறுந்தொழில் பெயரிலும் உள்ள பாலிசிகளை அவர் விசாரிப்பார். ‘இது வியாபார பாலிசி, அங்கே செல்லாது’ என்று கவுன்டரில் சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அதே விஷயத்தை ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோயிருந்தால் குறைதீர்ப்பாளர் தொடமாட்டார்.