மீளுருவாக்கத் தடுப்பா, மின்மீட்புப் பிடிப்பா?

கொசுத் தடுப்பு என்றால் கொசு வராமல் பார்ப்பது. திருட்டுத் தடுப்பு என்றால் திருட்டு நடக்காமல் பார்ப்பது. அப்படியானால் ‘மீளுருவாக்கத் தடுப்பு’? மீளுருவாக்கம் நடக்காமல் பார்ப்பது என்றுதான் தமிழ் தெரிந்த எவரும் பொருள் கொள்வார். ஆனால் வண்டி மட்டுப்படும்போதே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பதற்கு இந்தச் சொல்லைத்தான் பேட்டரி வண்டிக் கையேடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ‘மறு உற்பத்தித் தடுப்பு’ என்றும் ஒன்று உலவுகிறது. அது குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் தொங்கவேண்டிய பலகை.

சொல்லின் பிறப்பு பெரிய கதை இல்லை. இலத்தீனில் ‘ரீ’ என்றால் மீண்டும். ‘கெனுஸ்’ என்றால் பிறப்பு, குலம். மறுபடி பிறப்பித்தல் என்பது மூலப்பொருள். பொறியியலுக்குள் வந்தபோது பொருள் சற்று நகர்ந்தது. 1856இல் சீமென்ஸ் குடும்பத்து பிரெடெரிக் காப்புரிமை பெற்ற உலைக்கு ‘ரீஜெனரேட்டிவ்’ என்று பெயர் வந்தது, புகையோடு வீணாய்ப் போகும் வெப்பத்தைப் பிடித்து மறுபடி உலைக்கே கொடுத்ததால். அங்கே புதிதாக எதுவும் உருவாகவில்லை. போக இருந்தது மீட்கப்பட்டது.

வண்டியிலும் அதே கணக்குதான். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிறது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த வேலைக்கான ஆற்றல் சக்கரத்திலிருந்து போவதால் வண்டி மட்டுப்படுகிறது. மொரப்பூர், பொம்மிடி வழியாக ரயிலை இழுத்துப் போகும் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே மின்சாரம் மேலே உள்ள கம்பிக்குத் திரும்பும்.

இனி ‘தடுப்பு’ செய்யும் கேட்டைப் பாருங்கள். அஞ்செட்டிப் பக்கம் சரிவான தோட்டம் வைத்திருப்பவர், மேடு பள்ளத்தில் ஓடும் பேட்டரி வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். அமைப்புப் பட்டியலில் ‘மீளுருவாக்கத் தடுப்பு: குறைவு, நடுத்தரம், அதிகம்’ என்று இருக்கிறது. இறக்கத்தில் நிறைய சார்ஜ் திரும்பி வரவேண்டும் என்பது அவர் ஆசை. தமிழ் தெரிந்த மனிதர் என்ன செய்வார்? தடுப்பைக் ‘குறைவு’ என்று வைப்பார். சார்ஜும் திரும்பாது, இறக்கத்தில் வண்டியும் பிடிக்காது. மாங்காய்க் கூடையோடு சறுசறுவென்று இறங்கும். தமிழ் அரைகுறையாய்த் தெரிந்தவர்தான் இந்தக் கையேட்டால் பிழைப்பார்.

‘அதிகம்’ என்று வைப்பதும் எல்லா இடத்துக்கும் ஆகாது. பின்சக்கரத்தில் மட்டும் மோட்டார் உள்ள வண்டி சரளை மண்ணில் இறங்கும்போது பிடிப்பு கூடிப்போனால் பின்சக்கரம் வழுக்கும், பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். பேட்டரி நிறைந்திருந்தால் வேறு சங்கடம்: திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லாததால் கட்டுப்பாட்டுப் பெட்டி பிடிப்பைக் குறைத்துவிடும். மேட்டு வீட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேரே இறக்கத்தில் விடுபவருக்கு, நேற்று பிடித்த வண்டி இன்று பிடிக்காது. இதையெல்லாம் புரிய வைக்கவேண்டிய பக்கத்தில் தலைப்பே தலைகீழாக நின்றால் உள்ளே இருப்பதை யார் படிப்பது?

‘மீளுருவாக்க நிறுத்தம்’ என்போரும் உண்டு. தர்மபுரிக்காரருக்கு நிறுத்தம் என்றால் பேருந்து நிற்கும் இடம். ‘வேலை நிறுத்தம்’ மாதிரி படித்தால் மீளுருவாக்கத்தையே நிறுத்தியதாகும். போகட்டும், பொருளாவது சரியா? வேகம் குறையக் குறைய மீளும் மின்சாரமும் குறையும்; நடை வேகத்துக்கு வந்தபின் சொல்லும்படி ஒன்றும் மீளாது. வண்டியை நிறுத்தி வைப்பது கால் பிரேக்கும் கை பிரேக்கும். நிறுத்தாத ஒன்றுக்கு ‘நிறுத்தம்’ என்று பெயர் வைத்தால், அதை நம்பிக் கால் பிரேக்கைக் கவனிக்காமல் விடுபவர் இருப்பார்.

பிரேக்குக்குத் தமிழ் வினை நம் வாயிலேயே இருக்கிறது. ‘பிரேக் பிடி’ என்கிறோம், ‘பிரேக் பிடிக்கல’ என்கிறோம். ‘பிரேக் தடு’ என்று எந்த ஓட்டுநர் சொன்னார்? ஓசூர்ப் பட்டறைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும். அங்கே ‘ரீஜென் ரொம்பப் பிடிக்குது, கொஞ்சம் கம்மி பண்ணு’ என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. ஆகவே பிடிப்பு.

முன்பாதிக்கு மீட்பு. பிளனேரியாப் புழு துண்டானாலும் முழுப் புழுவாக வளர்வதைப் பள்ளி உயிரியல் பாடம் ‘இழப்பு மீட்டல்’ என்கிறது. அந்தப் பாடத்தை எழுதியவர் ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிய்க்காமல், நடப்பதைப் பார்த்துச் சொல் வைத்திருக்கிறார். மீட்பு என்றால் தீயணைப்பு வண்டி நினைவுக்கு வருகிறது என்பார்கள். ‘மின்’ சேர்த்தால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. மின்மீட்புப் பிடிப்பு. பேச்சில் நீளமென்றால் ‘மின்மீட்பு’ போதும். அதுவும் வேண்டாம் என்றால் ‘ரீஜென்’ என்றே எழுதுங்கள். தவறான தனித்தமிழைவிட விளங்கும் கடன்சொல் எனக்கு உவப்பு.

போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர்கள் உருவாகும் கிருஷ்ணகிரி மாவட்டம் இது. இங்கே வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மொழிபெயர்ப்பாளர்கள் வண்டியில் ஏறியே பார்ப்பதில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி ‘நடுநிலைத் தடுப்பு’. நியூட்ரல் பிரேக்கிங்காம்! நீதிபதிக்கு எதிரான சட்டம் போல ஒலிக்கிறது. மிதியிலிருந்து கால் எடுத்ததும் மோட்டார் தானே பிடிப்பதுதான் அது. தொப்பூர்க் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை விட்டு வந்த விபத்துகளைப் பார்த்த ஊரில், ‘நியூட்ரல்’ என்றாலே பிடிப்பு இல்லாத வண்டி என்று பொருள். ‘கால் எடுத்தால் பிடிப்பு’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலில் இரண்டு வரி கீழே ‘பின்னுருளல் தடுப்பு’ இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருளாமல் காப்பது. அங்கே தடுப்பு சரியான இடத்தில், சரியான பொருளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே கை எழுதிய ஒரே பக்கத்தில் ஒரு ‘தடுப்பு’ உருளலைத் தடுக்கிறது, இன்னொன்று மீளுருவாக்கத்தைத் தடுக்கவில்லை. எது எந்தத் தடுப்பு என்று வாங்கியவர்தான் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும், அதுவும் சரிவில்.