அ கப்பெல்லா: சொல்லும் அதன் தமிழும்

பக்கவாத்தியம் எதுவும் ஒலிக்காமல் மனிதக் குரலால் மட்டும் பாடுவதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் 'அ கப்பெல்லா'. ஒருவர் பாடினாலும் சரி, ஒரு சபை முழுவதும் நான்கு குரல் பிரித்துப் பாடினாலும் சரி, பெயர் இதுதான். இத்தாலியச் சொல்லான இதைப் பிரித்துப் பார்த்தால் 'கருவி' என்பதும் இல்லை, 'இல்லாமல்' என்பதும் இல்லை. 'கப்பெல்லா' என்றால் சிற்றாலயம். முன்னால் நிற்கும் 'அ' 'அந்த முறையில்' என்ற பொருளைத் தருகிறது. சிற்றாலயத்தில் பாடுகிற முறை, அவ்வளவுதான்.

அந்தச் சிற்றாலயம் ஒரு மேலங்கியிலிருந்து வந்தது. இலத்தீனில் 'கப்பா' என்றால் மேலங்கி, 'கப்பெல்லா' என்றால் சின்ன மேலங்கி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூர் நகரத்துப் புனித மார்ட்டின், படைவீரராக இருந்தபோது தம் மேலங்கியை வெட்டிக் குளிரில் நடுங்கிய ஏழைக்குப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. எஞ்சிய பாதியைப் பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாகக் காத்தார்கள். அது இருந்த இடத்துக்குக் கப்பெல்லா என்று பெயர் வந்தது. பிறகு எல்லாச் சிற்றாலயங்களுக்கும் அதுவே பெயரானது. பின்னாளில் அங்கே பாடிய பாடகர் குழுவையும் அதே சொல்லால் அழைத்தார்கள். ஜெர்மன் மொழியில் இசைக்குழுத் தலைவரைக் குறிக்கும் 'கப்பெல்மைஸ்டர்' இந்த வழியில் பிறந்ததே.

எழுத்தில் கவனம் வேண்டும். 'அகபெல்லா' என்று ஒற்றைப் பகரத்தோடு எழுதினால் அந்தப் பகரம் தமிழ்ப் பழக்கப்படி மெலிந்து ஒலிக்கும். 'கப்பெல்லா' என்பதே சரி. சொல்லும்போது இத்தாலியர் முதல் ககரத்தையும் அழுத்துவார்கள், ஏறத்தாழ 'அக்கப்பெல்லா' என்று. அ, காலம் இரண்டும் சேர்ந்தால் அக்காலம் ஆகிறதே, அதே போல. ஆனால் சேர்த்து எழுதினால் தமிழ்க் கண்ணுக்கு 'அ' சுட்டெழுத்தாகப் படும். பிரித்து எழுதுவதே நல்லது.

'வாத்தியமில்லாமல்' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. 16ஆம் நூற்றாண்டில் பாடகர்கள் பாடிய அதே சுரங்களைக் கொம்புக் கருவிகளும் ஆர்கனும் கூடவே வாசிப்பது பல ஆலயங்களில் சாதாரணம். அதைப் பாட்டின் பாணி மாறிவிட்டதாக யாரும் எண்ணவில்லை. திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மட்டும் குரலோடு நிறுத்திக்கொள்ளும் மரபு உறுதியாக இருந்தது. 1594இல் மறைந்த இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்திரீனாவின் இசையை 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் போற்றத் தொடங்கியவர்கள், அந்தக் காலத்துத் திருச்சபை இசை முழுவதுமே வெறும் குரலால் பாடப்பட்டது என்று கருதினார்கள். இன்றைய பொருள் நிலைபெற்றது அப்போதுதான். ஆகவே ஒரு பழைய இசைத்தாளில் 'கப்பெல்லா' என்று கண்டதும் வாத்தியம் கூடாது என்று முடிவுகட்டக் கூடாது.

வழிபாட்டில் வாத்தியம் கூடாது என்பவர்களும் கூடும் என்பவர்களும் இன்னொரு சொல்லையும் இழுப்பார்கள்: கிரேக்கத்தின் 'ப்சால்லோ'. முதலில் அது நாணைச் சுண்டுவதையும், பின்பு நரம்புக் கருவியை விரலால் மீட்டுவதையும், அதன்பின் பாடுவதையும் குறித்தது. புதிய ஏற்பாட்டில் எபேசியர் 5:19இல் வரும் வினைச்சொல் இதுவே. மீட்டும் பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் வழக்கு. தமிழில் சிக்கல் இரட்டிப்பு. அதே வசனத்தில் இந்த வினையிலிருந்து பிறந்த 'ப்சால்மோஸ்' என்ற பெயர்ச்சொல்லும் வருகிறது. அதைத் தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் 'சங்கீதம்' என்கிறது. கீதம், வாத்தியம், நிருத்தம் மூன்றும் சேர்ந்ததே சங்கீதம் என்று 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் சொல்கிறது. கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'திருப்பாடல்' என்கிறது. அதில் பாட்டு மட்டுமே தெரிகிறது. மொழிபெயர்ப்பாளர் எடுத்த சொல்லை வைத்துக் கொள்கையை நிறுவினால் இரண்டு பக்கமும் தவறிவிடும்.

கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் குரலோடு நிற்பது பண்டை மரபைக் காப்பதால். புராட்டஸ்டன்ட்டுகளில் சீர்திருத்த மரபினரின் காரணம் வேறு: வேதம் கட்டளையிடாத எதுவும் வழிபாட்டில் நுழையக் கூடாது என்ற நெறி. ஜூரிக் நகரின் பெரிய ஆலயத்தில் 1527இல் ஆர்கன் அகற்றப்பட்டது. அமெரிக்காவில் வாத்தியத்தை ஏற்காத 'கிறிஸ்துவின் சபைகள்' 1906 சமயக் கணக்கெடுப்பில் தனிப் பிரிவாகப் பதிவானதற்கு வாத்தியச் சர்ச்சை ஒரு முக்கியக் காரணம். அதுவரை குரலோடு நின்ற ஸ்காட்லாந்து சுயாதீன சபை 2010இல் வாத்தியத்துக்கு அனுமதி அளித்தது.

சுருதிக் குழலையோ இசைக்கவையையோ ஊதுவது, தட்டுவது வாத்தியமாகுமா? பாட்டுக்கு முன் ஒருமுறை சுரம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டால் ஆகாது. பாட்டோடு கூடவே ஒலிக்கும் சுருதிப்பெட்டி ஆகும். இந்த எல்லை தெளிவானது. வழக்கமான இசைக்கவை வினாடிக்கு 440 அதிர்வு தரும் 'ஏ' சுரத்துக்குரியது. பாட்டு எஃப் மேஜரில் இருந்தால் அந்த 'ஏ' காந்தாரம். அதைப் பிடித்துக்கொண்டு க, ரி, ச என்று இறங்கினால் ஆதார சட்ஜம் கையில் வந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தொடக்கச் சுரத்தைச் சொல்லிக் கொடுத்து, வாயை மூடி ஒருமுறை முனகச் சொல்ல வேண்டும். பலர் நினைவிலிருந்து எட்டாத உயரத்தில் எடுத்துவிடுவதால்தான் மூன்றாம் சரணத்தில் மேல்குரல்கள் உடைகின்றன. சபை முழுவதும் பாடும் பாட்டில் உச்ச சுரம் 'டி'யைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

சுருதி இறங்குவது இன்னொரு தொல்லை. சோர்வு, மூச்சுக் குறை, இழுத்த நடை ஆகியவை பொதுவான காரணங்கள். நன்றாகப் பாடுவதாலும் இறங்கலாம்! காது தேடும் தூய காந்தாரம், பியானோவின் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் நூற்றில் 14 பங்கு தாழ்ந்தது. எஃப், டி மைனர், ஜி மைனர், சி, மறுபடி எஃப் என்ற கூட்டுச்சுரச் (chord) சுற்றை ஒவ்வோர் இடத்திலும் தூய்மையாகப் பாடினால் சுற்றுக்கு 22 பங்கு சரியும். ஐந்து சுற்றில் அரைச்சுரம் போய்விடும். தளர்ச்சி என்று பாடகரைக் கடிந்துகொள்வதற்கு முன் பாட்டின் சுரக்கட்டைப் பார்க்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? 'வாய்ப்பாட்டு' உதவாது: வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் உண்டு. 'தனிக்குரல்' ஒருவர் பாடுவதாகிவிடும். 'வெறுங்குரல்', வெறுங்கை, வெறுங்கால் போலக் கச்சிதமான சொல்தான். ஆனால் ஏதோ குறைகிற தொனி அதில் இருக்கிறது. விரும்பிக் குரலோடு நிற்கும் சபைக்கு அது பொருந்தாது. 'கருவியில்லாப் பாடல்' இலக்கணப்படி இடறும், ஏனென்றால் தமிழ் மரபு தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்பவற்றோடு மிடற்றுக்கருவி என்று தொண்டையையும் கருவியாக எண்ணுகிறது.

அதனால் விளக்கமாகச் சொல்ல 'வாத்தியமில்லாப் பாடல்' என்பதே சிறந்தது. யாருக்கும் புரியும், 'வாத்தியமில்லாமல் பாடினார்கள்' என்று வினையாகவும் வளையும். கலைச்சொல்லாக ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் 'மிடற்றிசை'. சொல்லளவில் அது எல்லாக் குரலிசையையும் தழுவும்தான். ஆனாலும் அன்றாடப் பேச்சில் வேறு பொருளில் புழங்காததால் இந்தப் பொருளுக்கென்று அதை ஒதுக்கிக்கொள்ள முடியும். கட்டுரையிலோ வழிபாட்டுத் தாளிலோ முதல் முறை 'மிடற்றிசை, அதாவது வாத்தியமில்லாப் பாடல்' என்று எழுதிவிட்டால், அடுத்த வரியிலிருந்து 'மிடற்றிசை' போதும்.