கேமில் இருக்கும் கவனம் கணக்கு நோட்டில் ஏன் இல்லை?

“மொபைல்ல ரெண்டு மணி நேரம் அசையாம உக்காருறான், நோட்டைத் திறந்தா அஞ்சு நிமிஷம் தாங்கல. வேணும்னே பண்றான்.” இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு உள்ள குழந்தைக்கும் கவனம் உண்டு. தேவையான இடத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் கடினம். கேம் சில விநாடிக்கு ஒருமுறை புள்ளியோ சத்தமோ தந்துகொண்டே இருக்கும். வீட்டுப்பாடத்தின் பலன் தெரிய நாளாகும். அதுவரை முயற்சியைத் தாங்கிப் பிடிப்பதில் மூளையின் முன்பகுதிக்கும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளுக்கும் பெரும் பங்கு உண்டு, தடுமாற்றம் அங்கேதான். அதனால், நேற்று பத்துக் கணக்கையும் சரியாகப் போட்டவன் இன்று மூன்றாவதிலேயே கூட்டலைக் கழித்தலாக்குவான்.

இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோயறிதல் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சேர்ந்து 9. ஏதாவது ஒரு தொகுதியில் 6 அறிகுறிகளாவது 6 மாதம் நீடிக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதிசெய்யாது. அதனால்தான் அறிகுறிகளைக் குறித்துத் தர ஆசிரியருக்கும் தனிப் படிவம் தருகிறார்கள். துறுதுறுப்பே இல்லாமல் ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், யார் கண்ணிலும் படாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

வாசிப்பு, எழுத்து வரும்போது மட்டும் கவனம் நழுவுகிறதா? கற்றல் குறைபாட்டை முதலில் பாருங்கள். இரவில் குறட்டை, வாயால் மூச்சு என்றால், மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்டிருக்கலாம். காது மந்தம், பார்வைக் குறை, இரும்புச்சத்துக் குறைவு, பதற்றம் எல்லாமே இதே வேஷம் போடும். வகுப்பிலேயே வயதில் சின்னவர் என்றால் இன்னும் நிதானம் தேவை. செப்டம்பர் 1ஐச் சேர்க்கை வரம்பாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், வகுப்பிலேயே சின்னவர்களான ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சூட்டப்படுவது செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34% அதிகம் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது.

தவறவிடக் கூடாதது ஒருவகை வலிப்பு. பேச்சு பாதியில் நிற்கும், பார்வை நிலைகுத்தும், இமை படபடக்கலாம். தோளைத் தொட்டாலும் பதில் வராது. பெரும்பாலும் 10, 15 விநாடிகளில் முடிந்து, எதுவும் நடக்காததுபோல் பேச்சைத் தொடர்வார்கள். பகல்கனவில் இருப்பவர் தொட்டால் திரும்பிவிடுவார். சந்தேகம் வந்தால் மொபைலில் வீடியோ எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை தேவையா என்று முடிவு செய்வார்.