நாலாவது கடை பர்கர் ஏன் தோற்றுப்போகிறது?

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரும் மூன்று தோழிகளும் ஊரில் பெயர் வாங்கிய நாலு பர்கர் கடைகளை ஒரே சாயங்காலத்தில் சுற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு சிக்கன் பர்கர் வாங்கி, நாலாக வெட்டிச் சாப்பிட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருக்கிறார்கள். முதலில் போன கடைக்கு முதலிடம், கடைசியாகப் போன கடைக்குக் கடைசி இடம். அடுத்த மாதம் அதே நாலு கடைக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டுப் போனார்களாம். போன தடவை கடைசியில் கிடந்த கடை இந்தத் தடவை மேலே வந்துவிட்டது. "கடை மாறிவிட்டதா, எங்கள் நாக்கு மாறிவிட்டதா?" என்று கேட்கிறார்.

இரண்டும் மாறவில்லை. மாறியது நாக்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்களுக்கு நேர் மேலே மூளையில் இருக்கும் ஒரு பகுதி. அதைப் பற்றி எழுத ஒரு சாக்குக் கிடைக்காதா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

பர்கர் ஏன் ருசிக்கிறது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சூடான கல்லில் கறி படும்போது அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மயார் விவரித்த வினை இது. பன்னின் உள்முகத்தை வெண்ணெயில் வாட்டும்போதும் இதேதான் நடக்கிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, உமாமி (கறியிலும் சீஸிலும் தெரியும் கனத்த சுவை) ஐந்தையும் நாக்கு பிடித்துக்கொள்கிறது. மெல்லும்போது கிளம்பும் வாசனை தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. இதெல்லாம் சேர்ந்ததைத்தான் நாம் ருசி என்கிறோம். சரி, இது நாலு கடைக்கும் பொதுவானது. இதை வைத்து நாலாவது கடையின் தோல்வியை விளக்க முடியாது.

"வயிறு நிறைந்துவிட்டது, அதனால் பிடிக்கவில்லை" என்பது உடனே தோன்றும் பதில். அதிலும் உண்மை உண்டு. ஒரே உணவு பசியில் இன்பமாகவும் வயிறு நிறைந்தபின் சலிப்பாகவும் தெரிவதைப் பற்றி மிஷேல் கபனாக் என்ற உடலியங்கியலர் 1971இலேயே விரிவாக எழுதினார். ஆனால் இந்தத் தோழிகள் ஆளுக்குச் சாப்பிட்டது மொத்தமே ஒரு பர்கர். கல்லூரி வயதில் ஒரு பர்கரால் யாருக்கும் வயிறு நிறையாது. நாலாவது கடையில் பர்கருக்குப் பதில் குலாப் ஜாமூன் வைத்திருந்தால் சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்கள். வயிற்றில் இடம் இருந்தது. அலுத்துப்போனது பர்கர் மட்டும்தான்.

இதை ஆய்வகத்தில் பிடித்துக் காட்டியவர்கள் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும். 1981இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு எளிமையானது. வந்தவர்களுக்கு எட்டு வகை உணவில் சிறு சிறு துண்டு கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். பிறகு அந்த எட்டில் ஒன்றை மட்டும் மதியச் சாப்பாடாக வயிறார உண்ண வைத்தார்கள். முடித்ததும் எட்டையும் மறுபடி ருசிக்கச் சொன்னார்கள். சாப்பிட்ட உணவின் மார்க் சரிந்தது. மற்ற ஏழும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. அதே காலத்தில் செய்த இன்னொரு சோதனையில், ஒரே வகை சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட நாலு விதமான சாண்ட்விச் கிடைத்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் கல்யாணப் பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் எல்லாம் முடித்து "இனி ஒரு கவளம் முடியாது" என்றவர், இலையில் பாயசம் விழுந்ததும் கையை மடக்காததற்கும் இதுவே காரணம்.

இந்தத் திகட்டலுக்குக் கலோரிகூடத் தேவையில்லை. உணவை வாயில் போட்டு ஐந்து நிமிடம் மென்றுவிட்டுத் துப்பினாலும், வெறுமனே முகர்ந்தாலும்கூட அந்த உணவின் வாசனை முன்னைவிடக் குறைவாகப் பிடிக்கிறது. வயிற்றுக்குள் ஒன்றும் போகாமலே நடக்கிறது இது. அப்படியென்றால் எங்கே நடக்கிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ரோல்ஸின் குழு, குரங்குகளின் மூளையில் தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பை நுண்மின்முனை வைத்துப் பதிவு செய்தது. நாக்கிலிருந்து கிளம்பும் சுவைச் செய்தி மூளைத்தண்டு, தலாமஸ் வழியாக முதலில் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், இன்சுலா என்ற பகுதியை ஒட்டிய சுவை மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து கண்குழிகளுக்கு மேலே இருக்கும் முன்புறணிக்குப் போகிறது. குரங்கின் வாயில் குளுகோஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இரண்டு இடத்திலும் அணுக்கள் துடித்தன. குரங்கு போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை குளுகோஸைக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு மறுபடி ஒரு சொட்டு.

முதல் மையத்து அணுக்கள் முன்பு போலவே துடித்தன. அவற்றுக்கு முதல் சொட்டும் நூறாவது சொட்டும் ஒன்றுதான். இனிப்பு வந்திருக்கிறது, இத்தனை வீரியம் என்று அப்படியே அறிவித்தன. ஆனால் கண்ணுக்கு மேலிருக்கும் பகுதியில், குளுகோஸுக்குத் துடித்துக்கொண்டிருந்த அணு ஏறக்குறைய அடங்கிப்போயிருந்தது. அணு களைத்துவிட்டதோ என்று நினைப்போம். அதே வாயில் வேறொரு பழச்சாற்றை ஒரு சொட்டு விட்டதும் அதே அணு மறுபடி படபடவென்று துடித்தது! களைப்பு இல்லை. சற்று முன் நிறையக் கிடைத்த அந்த ஒரு பொருளுக்கு மட்டும் அது தன் பதிலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

மனிதர்களிடமும் மூளை ஸ்கேன் மூலம் இதைப் பார்த்தார்கள். வாழைப்பழத்தை வயிறாரச் சாப்பிட்டவர்களிடம், இந்தப் பகுதியில் வாழைப்பழ வாசனைக்கு எழும் பதில் குறைந்தது. ஆக மூளையில் இரண்டு கணக்கு ஓடுகிறது. "என்ன வந்தது, எவ்வளவு வந்தது" என்பது ஒன்று. "இப்போது இது எனக்கு எவ்வளவு வேண்டும்" என்பது இன்னொன்று. நாலாவது கடையில் தோழிகளின் முதல் கணக்கு துல்லியமாகத்தான் இருந்தது. உப்பு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மார்க் போட்டது இரண்டாவது கணக்கை வைத்து.

ஞாபகத்தால் வரும் சலிப்பாக இருக்குமோ என்றும் சந்தேகம் வரும். அதற்கும் ஒரு சோதனை உண்டு. சில வகை மூளைச் சேதத்தில், சில நிமிடம் முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. அப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரம் கழித்து இன்னொரு சாப்பாடு வைத்தால், அதையும் உண்ணத் தொடங்கிவிடுவார்கள். 2008இல் பிரிட்டனில் இத்தகையவர்களைச் சோதித்தபோது, தாங்கள் சாப்பிட்டதே நினைவில் இல்லாத நிலையிலும் சற்று முன் உண்ட உணவுக்கு மார்க்கைக் குறைத்தார்கள். மனிதருக்கு நினைவில்லை, அந்த நரம்பணுக்களுக்கு இருக்கிறது. இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் வேறு வேலை பார்க்கவில்லை.

இப்போது கடைகளுக்கு வருவோம். நாலு கடைப் பர்கரையும் பிரித்து வைத்துப் பாருங்கள். மென்மையான, லேசாக இனிக்கும் பன். மொறுமொறுவென்று பொரித்த சிக்கன். ஒரு சீஸ் துண்டு. விளிம்பில் வழியும் மயோனைஸ். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்ட பிறகு முட்டையில்லா மயோனைஸ் பரவிவிட்டது. அதிலும் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கடையில் தின்ற உப்பும் கொழுப்பும் மொறுமொறுப்பும்தான் இரண்டாவது கடையிலும் வாய்க்கு வருகின்றன. நடுவில் தண்ணீர் குடித்தால் நாக்கில் ஒட்டியது கழுவிப்போகும். நரம்பணுக்களில் குறைந்த மதிப்பு தண்ணீரால் திரும்பாது. சாப்பிட்ட இரண்டே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் இந்தத் திகட்டல், அதற்குப் பிறகு மெல்லத்தான் தணியும். அதற்குள் நாம் அடுத்த கடையில் உட்கார்ந்திருப்போம்.

இதில் நீண்டகால வகையும் உண்டு. 1985இல் வெளியான ஓர் ஆய்வு, எத்தியோப்பிய அகதி முகாம் ஒன்றில் நடந்தது. ஆறு மாதமாக ஒரே மூன்று உணவுகளை உண்டு வந்தவர்களுக்கு அவை, இரண்டு நாள் முன் வந்து சேர்ந்தவர்களைவிடக் குறைவாகவே பிடித்தன. நிவாரண உணவைத் திட்டமிடுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஆய்வு அது. இன்னொரு இடத்திலும் எனக்கு இது நினைவுக்கு வரும். வாடிக்கையாளர்கள் "முன்ன மாதிரி இல்லீங்க" என்று சொல்லத் தொடங்கியதும் கண்திருஷ்டி என்று வாசலில் பூசணிக்காய் கட்டுவதும், வாஸ்து பார்த்துக் கல்லாப்பெட்டியைத் திருப்பி வைப்பதும் நம் ஊரில் நடக்கிறது. அந்தப் பணம் வீண். வாரத்துக்கு நாலு நாள் வருகிறவருக்கு ருசி குறையத்தான் செய்யும். பட்டியலில் புதிதாக ஒரு சட்னியோ ஒரு பர்கரோ சேர்த்தால் பலன் கிடைக்கும்.

மைசூருவில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சுவையை அளக்கும் புலனறி ஆய்வும் நடக்கிறது. தஞ்சாவூரிலும் உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. இட்லியும் பரோட்டாவும் எவ்வளவு சீக்கிரம் திகட்டுகின்றன, சத்துணவுக் கூடத்தில் வாரம் முழுவதும் என்ன வரிசையில் போட்டால் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று ஆராய இவற்றுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனியார் நொறுக்குத்தீனி நிறுவனங்கள் இதையெல்லாம் தங்கள் லாபத்துக்காக ஆராயும். பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசுதான் செய்ய வேண்டும்.

சரி, தோழிகள் என்ன செய்யலாம்? மொறுமொறுப்பை மதிப்பிட வேண்டுமென்றால் ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கடைதான். அதே நேரம், அதே பசி. பார்சலில் ஆவி அடைந்து பன் நமத்துப்போவதால் இதற்கு வேறு வழியில்லை. மசாலாவை மட்டும் ஒப்பிடுவதென்றால் நாலையும் பார்சலாக ஒரு வீட்டுக்குக் கொண்டுவரலாம். கடைகளை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டு முதல் ஆள் அ–ஆ–ஈ–இ, இரண்டாவது ஆள் ஆ–இ–அ–ஈ, மூன்றாவது ஆள் இ–ஈ–ஆ–அ, நாலாவது ஆள் ஈ–அ–இ–ஆ என்ற வரிசையில் சாப்பிட வேண்டும். எழுதிச் சரிபாருங்கள். ஒவ்வொரு கடையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடவை வரும். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுக்கும் அடுத்தாற்போல் ஒரே ஒரு தடவை வரும். திகட்டல் போகாது, ஆனால் நாலு கடைக்கும் சமமாகப் பங்கிடப்படும். மார்க் போட, அமெரிக்க ராணுவம் சிப்பாய்களின் சாப்பாட்டுக்காக உருவாக்கிய ஒன்பது படி அளவுகோல் போதும். 1 என்றால் துளியும் பிடிக்கவில்லை, 9 என்றால் ரொம்ப ரொம்பப் பிடிக்கிறது, 5 என்றால் இரண்டும் இல்லை. கடைப்பெயர் தெரியாதபடி தட்டில் 418, 275 என்று ஏதாவது மூன்று இலக்க எண் எழுதிவிட வேண்டும். அ, ஆ என்றே எழுதினால் அ உசத்தி என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

இரண்டு கடைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று தோழிகளில் யாராவது சாதித்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. மூன்று தட்டு. இரண்டில் ஒரே கடைப் பர்கர், ஒன்றில் மற்ற கடையுடையது. கண்ணைக் கட்டிக்கொண்டு ருசித்து, வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றுக்கு ஒன்று சரியாகிவிடும் என்பதால் ஆள் சேர்க்க வேண்டும். ஆறு பேர் சோதித்து ஐந்து பேராவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கிறது என்று நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி அமைய ஆயிரத்துக்குச் சுமார் 18 வாய்ப்புதான். நாலு பேர் மட்டும் சரியாகச் சொன்னால் போதாது, அது பத்தில் ஒரு தடவை தானாகவே நடந்துவிடும். அப்போது புதிதாக பர்கர் வாங்கி, தட்டு எண்களை மாற்றி, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அதை வேறொரு நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.