'மாத்திரை போட்டுத்தேன் அனுப்பியிருக்கேன் டீச்சர்!'

இந்த வாரமும் அதே கதைதான். காலை பதினொன்றரை மணிக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்துவிட்டது. தொட்டால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அப்பாவும் அம்மாவும் கேரள எல்லையில் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அப்பா எண்ணுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மா எண் போன வருடமே மாறிவிட்டது, பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஜீப் இறங்கிய பிறகுதான் பதில் வருகிறது: 'காலையில லேசாத்தேன் சுட்டுச்சு, மாத்திரை போட்டுத்தேன் அனுப்பியிருக்கேன் டீச்சர்!'

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், தேவாரம், போடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி எதில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கருக்கலில் ஜீப் ஏறினால்தான் கூலி. ஒருநாள் நின்றால் அன்றைய வரவு போச்சு, மறுநாள் ஜீப்பில் இடம் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதபோது பள்ளிக்கூடம்தான் கதி என்று நீங்கள் நினைப்பது ஆசிரியர்களான எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலில் அந்த மாத்திரை. பாராசிட்டமால் நோயைக் குணமாக்குகிற மருந்து இல்லை. உடம்புச் சூட்டை நாலு முதல் ஆறு மணி நேரம் வரை இறக்கி வைக்கும், அவ்வளவுதான். கொதிக்கிற உலையில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கும், அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கொடுத்தது பத்து, பன்னிரண்டுக்குள் விட்டுப்போகும். பிள்ளை வகுப்பில் சுருண்டு விழுவது சரியாக அந்த நேரத்தில்தான். அதற்குள் காலை உணவு வரிசையில் நின்று, பக்கத்துப் பிள்ளையின் டம்ளரில் தண்ணீர் குடித்து, பென்சிலைக் கடித்து மாற்றி, ஒரே பெஞ்சில் நாலு பேரோடு உட்கார்ந்தாகிவிட்டது. மாத்திரை சூட்டை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. 'போட்டாச்சு, இறங்கிருச்சு' என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சல் இருப்பதால்தானே போட்டீர்கள்?

அளவிலும் தப்பு நடக்கிறது. பெரியவர்கள் போடுகிற 650 மாத்திரையை ஒடித்துப் பாதியைக் கொடுக்கிறார்கள். அந்தப் பாதி 325 மில்லிகிராம். பிள்ளைக்கு எடைப்படி கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் ஒரு வேளைக்கு உச்ச அளவு. 16 கிலோ இருக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 240-ஐத் தாண்டக் கூடாது. சிரப்பிலும் 5 மில்லிக்கு 120 அல்லது 125 என்று ஒன்று, 250 என்று இன்னொன்று இருக்கிறது. பாட்டில் மாறினால் அதே மூடி அளவு இரண்டு மடங்காகிவிடும். லேபிளைப் பாருங்கள், எழுத்து தெரியாவிட்டால் மருந்துக்கடையில் பிள்ளையின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். தயவுசெய்து 'மத்தியானம் போட்டுக்க' என்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து அனுப்பாதீர்கள். அதை மிட்டாய் என்று பங்கு வைக்கிற வயது அது.

அடுத்து அம்மை. வேப்பிலை கட்டுவதையோ தண்ணீர் ஊற்றுவதையோ யாரும் குறை சொல்லவில்லை. 'மூணு தண்ணி ஊத்தியாச்சு டீச்சர்' என்று கூட்டிவந்து விடுவதுதான் பிரச்சினை. எந்த நாளில் தண்ணீர் ஊற்றினீர்கள் என்பது கணக்கில்லை. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியதா என்பதுதான் கணக்கு. நீர் கோத்த கொப்புளம் ஒன்று மிச்சமிருந்தாலும் பரவும். சட்டையைத் தூக்கி முதுகைப் பாருங்கள், தலைமுடிக்குள் பாருங்கள், அங்கேதான் கடைசிக் கொப்புளம் நிற்கும். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு 10 முதல் 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், ஒருவருக்கு வந்த செய்தியை மறைத்தால் நாங்கள் யாரையும் எச்சரிக்க முடியாமல் போகிறது. முக்கியமாகக் கர்ப்பிணிகளை. டீச்சர், சமையல் அக்கா, பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற தாய் என்று பள்ளிக்குள் வந்துபோகிற கர்ப்பிணிகள் உண்டு. அவர்களுக்கும் வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் அம்மை ஆபத்தாகலாம். 'தலைவலி' என்று லீவு சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். யார் வீட்டில் என்று ஊருக்குச் சொல்ல மாட்டோம்.

2022 மே மாதம் கொல்லத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பி, வாளையார் சோதனைச்சாவடியில் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள், நினைவிருக்கும். அது தக்காளி தின்று வருவதில்லை. கை, பாதம், வாயில் கொப்புளம் போடுகிற வைரஸ் தொற்று அது. காய்ச்சலோடு பிள்ளை 'வாய் எரியுது' என்று சாப்பாட்டைத் தள்ளினால் உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் காய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரை வீட்டில்தான். காய்ந்த பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வெளியேறும், அதனால் கழிப்பறை போய்வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவுவதை விட்டுவிடக் கூடாது.

பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் வீட்டில். வாந்தி பேதி நின்று ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு. மெட்ராஸ் ஐ, பீளை வடிவது நிற்கும் வரை. சாதாரணக் காய்ச்சல் என்றால் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருக்க வேண்டும். மாத்திரை இல்லாமல் என்பதைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இல்லாத வெறும் மூக்கொழுகலுக்கும் பேனுக்கும் லீவு வேண்டாம், அனுப்புங்கள்.

டெங்கு பிள்ளைக்குப் பிள்ளை ஒட்டாது, கொசுதான் கடத்தும். ஆனால் அதில் சூடு இறங்குகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று அனுப்புகிற அதே நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுவது, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது என்று எதைக் கண்டாலும் ஜீப்பை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகளைக் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், ஃபெயிலாக்கிவிடுவார்கள் என்ற பயத்தை எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை. தொடக்க வகுப்பில் உடம்பு சரியில்லாத விடுப்புக்காக யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. காலை உணவு போய்விடுமே என்று அனுப்புகிறவர்களும் உண்டு. காய்ச்சல் பிள்ளைக்கு அந்தப் பொங்கல் இறங்காது, வீட்டில் கஞ்சித் தண்ணீர் போதும்.

சூடு பார்ப்பதற்கு நெற்றியை நம்ப வேண்டாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி அக்குளில் வைத்து, பீப் சத்தம் வரும் வரை கையை ஒட்டிப் பிடியுங்கள். 99.5-ஐத் தாண்டினால் அன்று பள்ளி வேண்டாம். இதை ஜீப் ஹாரன் அடித்த பிறகு செய்ய முடியாது, முதல்நாள் ராத்திரியே ஒருமுறை பார்த்துவிட்டால் யாரை விட்டுப்போவது என்று பேசிக்கொள்ள நேரம் இருக்கும். ஒரே ஜீப்பில் போகிற நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்து ஒருவர் நிற்பது சில தெருக்களில் நன்றாகவே நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டால் மற்ற தெருக்களுக்கும் பேசி ஏற்பாடு செய்யலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்று. மலைத் தோட்டத்தில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வருகிற 'கலெக்டர் விடுமுறை' செய்தி பெரும்பாலும் கேரளத்து இடுக்கி மாவட்டத்துக்கானது. தேனி மாவட்டம் என்று இருந்தால் மட்டும் நம்புங்கள். அந்தச் செய்தியை நம்பி நல்லா இருக்கிற பிள்ளை வீட்டில் நிற்கிறது, காய்ச்சல் பிள்ளை வகுப்பில் இருக்கிறது.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அதனால் திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புங்கள். மூன்று எண் வேண்டும்: தோட்டத்தில் சிக்னல் எடுக்கிற கங்காணி அல்லது ஜீப் டிரைவர் எண், ஊரிலேயே இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் எண், உங்கள் இப்போதைய எண். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் பெயரையும் எழுதுங்கள், முகம் தெரியாதவரிடம் விட மாட்டோம். பிள்ளையின் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, வலிப்பு வந்ததுண்டா என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். கேரள சிம் மாற்றினால் அன்றே சொல்லிவிடுங்கள்.